காய்கறி கரேயில் இருந்த கறி

2024 புரட்டாசியில் சென்னையிலிருந்து வேலையாக டோக்கியோ வந்த கல்லூரி நண்பனை, ஜின்போச்சோ என்ற பகுதியில் பத்தே இருக்கை கொண்ட ஒரு கரே கடைக்குக் கூட்டிப் போனேன். கரே என்பது சோற்றின் மேல் ஊற்றித் தரும் ஜப்பானியக் குழம்பு. கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசையில் 75 நிமிடம். இரண்டு வாய்க்குப் பிறகு தள்ளி வைத்த தட்டுக்கு 1,150 யென். வீம்புக்கு வாங்கிய கூடுதல் சோற்றுக்கு 150 யென். ஒரு வெள்ளைச் சட்டை. பணம் அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 750 ரூபாய்தான், அது போகட்டும். புரட்டாசி விரதத்தில் இருந்தவன் வாயில் மாட்டுச் சாற்றை நானே காசு கொடுத்து ஊற்றினேன் என்பது இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. மூன்று வருடமாக இந்த ஊரில் இருப்பவன், கடைப் பழக்கமெல்லாம் அத்துப்படி என்ற எண்ணம் எனக்கு. அத்துப்படியானது எதையும் சாப்பிடுகிறவனுக்கான பழக்கம் மட்டும்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஜின்போச்சோ பழைய புத்தகக் கடைகளின் பேட்டை. ஒரு கையில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மறு கைக் கரண்டியால் சாப்பிட வசதியானது என்பதால்தான் கரே இங்கே வேரூன்றியது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். 1924-இல் தொடங்கிய கியோயெய்தோ, 1973-இல் வந்த போண்டி, 1988-இல் வந்த எத்தியோப்பியா என்று பெயர் பெற்ற கடைகள் நடந்து போகும் தூரத்திலேயே இருக்கின்றன. 2011 முதல் இந்தப் பகுதிக்கென்றே ஒரு கரே போட்டியும் நடக்கிறது. போண்டியில் கரேக்கு முன்னால் அவித்த உருளைக்கிழங்கும் வெண்ணெயும் வைப்பார்கள். தட்டு மாறி வந்துவிட்டதோ என்று பதற வேண்டாம், அது எல்லாருக்கும் உண்டு. எத்தியோப்பியாவில் காரத்தை 0 முதல் 70 வரை எண்ணாகச் சொல்லிக் கேட்கலாம். நாங்கள் போனது இவை எதுவும் இல்லை, சந்துக்குள் இருக்கும் வேறொரு சின்னக் கடை. பெயர் வேண்டாம். கடைக்காரர் மேல் தப்பும் இல்லை.

இந்தக் கரே நம் ஊரிலிருந்து நேராக ஜப்பானுக்குப் போகவில்லை. ஆங்கிலேயர் இந்தியாவில் பழகி, மாவு கரைத்துக் கெட்டியாக்கி, டப்பாவில் அடைத்த பொடியோடு கொண்டு போனது. 1872-இலேயே ஜப்பானிய சமையல் புத்தகங்களில் கரே செய்முறை அச்சாகிவிட்டது. 1908-இல் கடற்படையின் சமையல் கையேட்டிலும் ஏறியது. இன்றும் அந்நாட்டுக் கடற்படைக் கப்பல்களில் வெள்ளிக்கிழமை என்றால் கரேதான். ஆக இது மாவும் கொழுப்பும் இறைச்சிச் சாறும் சேர்ந்த மேற்கத்திய சாப்பாடாகத்தான் ஜப்பானியர் மனதில் பதிந்திருக்கிறது. புளி கிடையாது, தாளிப்பு கிடையாது. நம் மொழியிலிருந்து போனதாகச் சொல்லப்படும் சொல் ஒன்றே நம்முடையது. அதிலும் ஒரு வேடிக்கை. நாம் கறி என்றால் இறைச்சி, முன்னால் காய் சேர்த்துக் காய்கறி என்றால் சைவம். அங்கே முன்னால் காயைச் சேர்த்து யசாய் கரே என்று எழுதியிருந்தாலும் உள்ளே கறி இருக்கும். நான் ஏமாந்தது இந்த ஒரு சொல்லில்தான்.

வரிசையிலிருந்து தொடங்குகிறேன். வார நாளில் 12 மணிக்கு இந்தப் பக்கம் வரவே வராதீர்கள். 12 முதல் 1 மணி வரை சுற்றியுள்ள அலுவலகம் முழுக்க ரோட்டில்தான் நிற்கும். 11:30-க்குத் திறக்கும் கடை என்றால் 11:15-க்கே போய் நின்றால் முதல் பந்தியில் இடம் கிடைக்கும். இல்லையென்றால் 1:30-க்குப் பிறகு போங்கள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதை வாசலிலேயே கணக்குப் போட்டுவிடலாம். தனியாக வருகிறவர் உட்கார்ந்து எழுந்திருக்க 20 நிமிடம். பத்து இருக்கைக் கடையில் உங்களுக்கு முன்னால் 22 பேர் என்றால் ஏறக்குறைய 45 நிமிடம். எங்களுக்கு முன்னால் சரியாக 22 பேர். நீ போய் கடைகளைப் பார்த்துவிட்டு வாடா, நான் நிற்கிறேன் என்று அவனை அனுப்பினேன். நம் ஊரில் இது சாதாரணம். இங்கே பல சின்னக் கடைகளில் எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள், வாசலில் எழுதியே ஒட்டியிருப்பார்கள். என் முறை வந்தபோது அவன் இரண்டு தெரு தள்ளி பழைய வரைபடங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். சில கடையில் பின்னால் நிற்பவரை முன்னே விட்டுவிட்டு ஓரமாக நிற்கச் சொல்வார்கள். இந்தக் கடையில் கடைசிக்குப் போகச் சொன்னார்கள். இன்னும் 30 நிமிடம். செப்டம்பர் கடைசியிலும் வெயிலும் புழுக்கமும் குறையாத ஊர் அது.

மதியக் கடை இரண்டரை மூன்று மணிக்கு மூடிவிடும், மாலையில்தான் மறுபடி திறக்கும். கதவில் ஜுன்பிச்சூ என்ற பலகை தொங்கினால் கடை பூட்டிவிட்டது என்று அர்த்தமில்லை, உள்ளே அடுத்த வேளைக்குத் தயார் செய்கிறார்கள். இன்னொன்று, எழுதிப் போட்ட நேரத்தை நம்பக் கூடாது. குழம்பை ரூ என்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய அண்டா ரூதான். அது தீர்ந்தால் ஒரு மணிக்குக்கூடக் கடையை மூடிவிடுவார்கள். சாவகாசமாக இரண்டு மணிக்குப் போவதாக இருந்தால் இன்னொரு கடையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதவுக்குப் பக்கத்திலேயே சீட்டு எந்திரம். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் சின்னச் சீட்டு விழும், அதைக் கொடுத்தால் சாப்பாடு. இங்கே இரண்டு தடவை மாட்டிக்கொண்டேன். 2024 ஜூலை 3 அன்றுதான் ஜப்பானில் புது நோட்டு வந்திருந்தது. எந்திரத்தை மாற்றப் பெரும் செலவு என்பதால் அப்போது சின்னக் கடைகள் பலவற்றில் பழைய எந்திரம் புது நோட்டை வாங்காமல் துப்பியது. நண்பன் விமான நிலையத்தில் மாற்றி வந்த அத்தனையும் புது நோட்டு. 1,000 யென் தாளின் பின்பக்கம் ஹொகுசாயின் பேரலை இருந்தால் அது புதுசு, ஃபுஜி மலையும் செர்ரிப் பூவும் இருந்தால் பழசு. இரண்டும் செல்லும், பழைய எந்திரத்துக்குத்தான் புதுசு செல்லாது. 2021-இல் வந்த இரு நிற 500 யென் நாணயத்துக்கும் இதே கதி. 5,000, 10,000 தாள் போடவே முடியாத எந்திரங்களும் உண்டு. சின்னக் கடையில் கார்டோ ரயில் அட்டையோ எடுபடும் என்று எண்ண வேண்டாம். ஆளுக்கு இரண்டு 1,000 தாளும் கொஞ்சம் 100 யென் காசும் முதல் நாளே சேர்த்து வைத்துக்கொண்டால் போதும். பின்னால் எட்டுப் பேர் நிற்கும்போது பர்ஸைக் குடைவது இருக்கிறதே, அந்த அவசரத்தில்தான் தப்பான பொத்தான் அழுத்தப்படுகிறது.

எந்தப் பொத்தான் என்று தெரியாவிட்டால், மேல் வரிசையில் இடது ஓரம். பெரும்பாலும் அந்தக் கடையின் பிரதான அயிட்டம் அதுதான். கூடுதல் சோறு, பொரித்த முட்டை, சீஸ் இவற்றுக்குக் கீழே தனிப் பொத்தான்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு. காரத்தின் அளவு சில எந்திரத்தில் பொத்தானாக இருக்கும், பல கடையில் சீட்டைக் கொடுக்கும்போது வாயால் சொல்ல வேண்டும். காசு போட்ட பிறகு மனம் மாறினால் திருப்பி வாங்க ஒரு நெம்போ பொத்தானோ இருக்கும். சீட்டு விழுந்த பிறகு மாறினாலும், அதைக் கவுண்டரில் வைக்காத வரை கேட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் பெட்டியைத் திறந்து காசைத் தருவார், கொஞ்சம் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். வைத்துவிட்டால் முடிந்தது. சோறு தட்டில் விழ அரை நிமிடம், மேலே ரூ ஊற்ற இன்னும் அரை நிமிடம். சந்தேகம் எதுவானாலும் சீட்டு கையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். நான் இரண்டு சீட்டையும் சேர்த்து வைத்துவிட்டு, பிறகு கேட்டேன்.

கேட்டதும் தப்பாகக் கேட்டேன். "நிகு வா ஹாய்த்தே இமாஸ் கா?" இதில் இறைச்சி இருக்கிறதா? கவுண்டருக்கு உள்ளே இருந்தவர் தெளிவாக, இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நிகு என்றால் அவருக்கு இறைச்சித் துண்டு. காய்கறி கரேயில் துண்டு கிடையாது. பொரித்த கத்தரிக்காய், பூசணி, குடைமிளகாய், தாமரைத் தண்டு, அழகாகத்தான் வந்தது. நண்பன் இரண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவது கரண்டியை எடுத்தவன் குழம்பை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். நூல் நூலாக ஏதோ மிதந்தது. "டேய், இது வெங்காய நாரா?" என்றான். நான் மறுபடி கேட்டேன். கடைக்காரர் முகமெல்லாம் பெருமையாக, மாட்டுத் தசைநாரை நாள் முழுக்க வேகவைத்துக் கரைத்த ரூ, எங்கள் கடையின் விசேஷமே அதுதான் என்றார். நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தான். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ரூ எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வி ஏன் பலிக்கவில்லை என்பது புரியும். பெரிய அண்டாவில் மாட்டெலும்பு, கோழியெலும்பு, பன்றியெலும்பு இவற்றில் ஏதாவது ஒன்றோ கலந்தோ மணிக்கணக்கில் கொதிக்கும். அது தனிச் சாறு. இன்னொரு பக்கம் வெங்காயத்தைப் பழுப்பு நிறம் வரும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் சுருள வதக்குவார்கள், இனிப்பு பாதி அதிலிருந்துதான் வருகிறது. மூன்றாவது, மைதாவும் கொழுப்பும் ஏறக்குறைய சம எடையில் எடுத்து, பச்சை வாசனை போகும்வரை வறுத்து, அதில் கரே பொடியைப் போட்டுப் பிரட்டுவார்கள். கொழுப்பு வெண்ணெயாக இருக்கலாம், எண்ணெயாக இருக்கலாம், பல இடத்தில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போதான். இந்த மூன்றையும் சேர்த்து, ஆப்பிள், தக்காளி என்று ஒவ்வொரு கடையும் தன் கைச்சரக்கைச் சேர்த்துக் கொதிக்க வைத்து, பல கடையில் ஒரு இரவு வைத்திருந்து மறுநாள்தான் பரிமாறுவார்கள். பட்டியலில் இருக்கும் பன்றிக் கட்லெட் கரே, கோழிக் கரே, இறால் கரே, காய்கறி கரே எல்லாவற்றுக்கும் சின்னக் கடையில் ஒரே அண்டாதான். மாறுவது மேலே வைக்கும் பொருள். பத்து இருக்கைக்கு இரண்டு அடுப்பில் இரண்டு ரூ வைக்கக் கட்டுப்படியாகாது. ஆகவே, சைவத்துக்குத் தனி ரூ என்று எழுதியிருக்காத கடையில், காய்கறி கரே என்பது இறைச்சிச் சாற்றின் மேல் காய் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. தட்டு கொஞ்சம் ஆறியதும் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்தால், அறைச் சூட்டிலேயே உறையும் கொழுப்பு உள்ளே இருக்கிறது. அதைப் பார்க்கும் நேரத்தில் சாப்பிட்டாகிவிடும் என்பது வேறு.

சரியான கேள்வி சாற்றைப் பற்றியது. "ரூ நோ ஸூப் வா, நான் நோ ஸூப் தெஸ் கா?" ரூவுக்கு எந்தச் சாறு சேர்க்கிறீர்கள்? ஆமாம் இல்லை என்று தப்பிக்க முடியாத கேள்வி, மாட்டெலும்பு கோழியெலும்பு என்று அவரே சொல்லிவிடுவார். அடுத்து, கியூஷி, அதாவது மாட்டுக் கொழுப்பு, அல்லது ராடோ, அதாவது பன்றிக் கொழுப்பு சேர்கிறதா என்று கேட்க வேண்டும். மூன்றாவது எண்ணெய். கத்தரிக்காயும் பூசணியும் பொரித்த அதே எண்ணெயில்தான் பன்றிக் கட்லெட்டும் பொரிந்திருக்கும். இந்த மூன்றையும் ஜப்பானிய எழுத்தில் செல்போனில் எழுதி வைத்துக் காட்டுவது பேசுவதைவிட நல்லது, கடைக்குள் இரைச்சல் அப்படி. நான் வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் நடக்காது. மீன் சாறு அதில் அடங்காது என்று பலரும் உண்மையாகவே நினைக்கிறார்கள். பக்வீட் தானிய நூடுல்ஸான சோபா விற்கும் கடைகளில் கிடைக்கும் கரேயும், கரே உதோன் என்ற கோதுமை நூடுல்ஸும் பெரும்பாலும் காய்ந்த மீன் சாற்றில் கரைத்தவை, இறைச்சி இல்லை என்று நம்பிப் போய் அங்கேயும் விழ வாய்ப்பிருக்கிறது. மாடு மட்டும் வேண்டாம் என்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். டோக்கியோ பக்கம் கரேயில் இறைச்சி என்றால் வழக்கமாகப் பன்றி, ஒசாகா பக்கம் மாடு. அது துண்டுக்கான வழக்கம். சாற்றுக்கு அந்த எல்லை கிடையாது.

ஜப்பானில் ஒவ்வாமை தரும் சில பொருள்களைப் பொட்டலத்தில் கட்டாயம் எழுத வேண்டும்: முட்டை, பால், கோதுமை, சோபா, வேர்க்கடலை, இறால், நண்டு, வால்நட் போன்றவை. மாடு, பன்றி, கோழி எல்லாம் எழுதினால் நல்லது என்ற இரண்டாவது பட்டியலில்தான் இருக்கின்றன. அதுவும் அடைத்து விற்கும் பொருளுக்கு மட்டும், உணவகத்துக்கு இந்தக் கட்டாயமே இல்லை. அதனால் பட்டியலில் குறிப்பு எதுவும் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வீட்டில் செய்து பார்க்க ரூ கட்டி வாங்குவதென்றாலும் கொழுப்பு எது என்ற வரியைப் படியுங்கள். 1963 முதல் விற்கும் வெர்மான்ட் கரேயில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்திருக்கும். 1966-இல் வந்த கோல்டன் கரேயில் பாம், கடுகு வகைத் தாவர எண்ணெய். ஆனாலும் சுவைக்குச் சேர்த்த சாறுகளைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏற்றுமதிக்குச் செய்யும் பெட்டிக்கும் உள்ளூர்ப் பெட்டிக்கும் சேர்மானம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

என் தட்டுக்கு வருகிறேன். நான் பன்றிக் கட்லெட் கரே, ஓமோரி, அதாவது கூடுதல் சோறு. நமி என்னும் சாதாரண அளவே பல கடையில் 250 முதல் 300 கிராம் சோறு, ஓமோரி 400-ஐத் தொடும். இந்த அரிசி நம் பொன்னி மாதிரி உதிராது, அடர்த்தி, பார்க்கக் கொஞ்சமாகத் தெரிந்து வயிற்றில் கல்லாக உட்காரும். மேலே மாவுக் குழம்பு, அதன் மேல் எண்ணெயில் பொரித்த கட்லெட். முதல் தடவை போகிறவர்களுக்கு நமியே தாராளம். குறைத்து வேண்டுமானால் "கோஹான் சுகுனாமெ" என்று சொல்லலாம், விலை குறையாவிட்டாலும் தட்டு காலியாகும். கட்லெட் உள்ள தட்டு ஐந்தாறு நிமிடம் தாமதமாக வரும், பொரிக்க அவ்வளவு நேரம் வேண்டும். நண்பனின் தட்டு முதலில் வந்தால் அவர் காத்திருக்க வேண்டியதில்லை, ஆறிப்போவதற்குள் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

காரம் பற்றித் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. அமகுச்சி இனிப்பு, சூக்கரா நடுத்தரம், கராகுச்சி காரம். சூக்கரா நம் நாக்குக்குப் பாயசம் மாதிரி இருக்கும், உடனே ரோஷம் வந்து பத்துக்கு எட்டு என்று சொல்லத் தோன்றும். நானும் சொன்னேன். சின்னக் கடையில் காரம் ஏற்றுவது என்றால், முடிந்த ரூவின் மேல் மிளகாய்ப் பொடியைக் கலப்பதுதான். வதக்கவில்லை, கொதிக்கவில்லை, வெறும் எரிச்சல் ஏறும், வாசனை ஏறாது. ஐந்துக்கு மேல் போனால் பொடியின் கசப்பு தட்டும். அதோடு, குழம்பில் உள்ள கொழுப்பு காரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். முதல் நான்கு வாயில் ஒன்றும் தெரியாது, பத்தாவது வாயில் காது அடைக்கும். காரம் தண்ணீரில் கரையாது, லஸ்ஸியோ பாலோ கிடைத்தால் வாங்குங்கள், அல்லது சீஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை மூன்று. போதாவிட்டால் மேசையில் பொடி இருக்கும், நீங்களே தூவிக்கொள்ளலாம். கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது.

மேசையில் சிவப்பாகவோ பழுப்பாகவோ ஒரு ஊறுகாய் இருக்கும், ஃபுகுஜின்சுகே. முள்ளங்கி, கத்தரிக்காய், தாமரைத் தண்டு போன்றவற்றைச் சோயா சாற்றிலும் சர்க்கரையிலும் ஊறப்போட்டது, இனிப்பும் உப்பும். பக்கத்திலேயே ராக்கியோ, சின்ன வெங்காயம் மாதிரி ஒன்றை வினிகரில் ஊறவைத்தது. கனத்த குழம்புக்கு நடுவில் நாக்கைக் கழுவிவிடுவது இதுதான், புளி இல்லாத குறையை ஓரளவு ஈடுகட்டும். பொதுப் பாத்திரம், அதற்கென்றே உள்ள கரண்டியால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். எச்சில் கரண்டி படக்கூடாது என்பதில் அவர்களும் நம் பாட்டிகள் மாதிரிதான். விரதக்காரர் இதையும் கேட்டுவிட்டுத் தொடுவது நல்லது, சிலவற்றில் மீன் சாறு சேரும். சோற்றையும் ரூவையும் மொத்தமாகப் பிசைந்துவிடாமல், இரண்டும் சந்திக்கும் கரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியால் வழித்துச் சாப்பிடுவது வழக்கம். பிசைந்தால் யாரும் திட்டப் போவதில்லை, பக்கத்து இருக்கைக்காரர் பார்வை மட்டும் ஒருமுறை இந்தப் பக்கம் வந்து போகும்.

நண்பன் சாப்பிடாத தட்டையும் நானே முடித்துவிடலாம் என்று பார்த்தேன். 400 கிராம் சோறு, எட்டாம் நம்பர் காரம், அதற்கு மேல் இன்னொரு தட்டு. முடியவில்லை. மிச்சம் வைப்பது இங்கே சமைத்தவரை அவமதிப்பது மாதிரி. பொட்டலம் கட்டித் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பார்கள், அதற்கும் காரணம் இருக்கிறது. கரே மாதிரி கெட்டியான குழம்பு மெதுவாக ஆறும்போது, கொதியிலும் சாகாத ஒருவகைப் பாக்டீரியாவின் விதைகள் முளைத்துப் பெருகும். வெல்ஷு கின் என்று அதற்குப் பெயர், ஜப்பானில் கரேயால் வரும் வயிற்றுக் கோளாறுக்குப் பேர்போனது. மறுநாள் கரேதான் ருசி என்று அண்டாவோடு அடுப்பில் விட்டுவிடுவது வீட்டில் செய்பவர்கள் விடும் தவறு, சின்னப் பாத்திரங்களில் பிரித்து வேகமாக ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். கடையில் மிச்சம் வைக்க நேர்ந்தால் "நோகோஷிதே சுமிமாசென்" என்று சொல்லிவிடுங்கள், மிச்சம் வைத்ததற்கு மன்னிக்கவும் என்று பொருள். நான் சொன்னேன். கடைக்காரர் நண்பனைப் பார்த்து, தெரியாமல் போய்விட்டது என்று தலை குனிந்தார். காசைத் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை, கேட்டிருக்கவும் கூடாது.

ஊர்க்கதை பேச இந்த மாதிரிக் கடை சரிப்படாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. சுவரைப் பார்த்த நீளப் பலகை, தோளோடு தோள், வாசலில் காத்திருக்கும் கண்கள். சாப்பிட்டதும் தட்டைப் பலகையின் மேல் திட்டில் தூக்கி வைத்து, துணியால் துடைத்துவிட்டு, "கோச்சிசோசாமா தெஷ்தா" என்று சொல்லி எழுந்துவிட வேண்டும். டிப்ஸ் கிடையாது. இருவர் ஒரே தட்டைப் பகிர்வதும் எடுபடாது, தலைக்கு ஒரு தட்டு. பேசுவதற்குக் காப்பிக் கடை இருக்கிறது. 1955-இல் தொடங்கிய சபோரு பக்கத்துத் தெருவில்தான், அங்கேயும் வரிசை இருந்தாலும் உட்கார்ந்தால் எழுப்பிவிட மாட்டார்கள்.

சட்டைக்கு வருகிறேன். கட்லெட்டைக் கரண்டி விளிம்பால் அழுத்தியபோது ரூ தெறித்தது. காகித ஏப்ரன் கேட்டால் தருவார்கள், கமி எப்ரோன் என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. கடையிலேயே ஈரத்துணியால் தேய்த்தது அடுத்த தப்பு, கொழுப்போடு மஞ்சள் நூலுக்குள் இறங்கிவிடும். முதலில் கரண்டி விளிம்பால் வழித்தெடுத்து, உலர்ந்த காகிதத்தால் ஒற்ற மட்டும் வேண்டும். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும் திரவத்தால் முதலில் கொழுப்பை எடுத்து, பிறகு துவைக்க வேண்டும். சோப்புப் பட்டதும் கறை ரத்தச் சிவப்பாக மாறினால் பயப்பட வேண்டாம். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதேதான், அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். மிச்சக் கறைக்கு மருந்து வெயில். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதையும், ஈரத்தோடு நேர் வெயிலில் இரண்டு மூன்று நாள் போட்டால் பெரும்பகுதி போய்விடும். நான் வெள்ளைச் சட்டைதானே என்று சூடான நீரில் ஊறவைத்து, உலர்த்தும் எந்திரத்திலும் போட்டேன். தக்காளியின் சிவப்பும் வதங்கிய வெங்காயத்தின் பழுப்பும் சூட்டில் அப்படியே நின்றுவிட்டன. அந்தச் சட்டை இப்போது சைக்கிள் துடைக்கிறது.

நண்பன் அன்று மதியம் சாப்பிட்டது, கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வாங்கிய வெறும் உப்புச் சோற்று உருண்டை இரண்டும் ஒரு வாழைப்பழமும். மறுநாள் இரவு பெரிய கரே சங்கிலிக் கடையான கோகோ இச்சிபான்யாவுக்குப் போனோம். அங்கே பல கிளைகளில் விலங்குப் பொருள் சேர்க்காத ரூ தனியாக உண்டு, எல்லாக் கிளையிலும் இருக்காது, முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சமையலறை பொதுதான் என்பதால் கடும் விரதக்காரர் யோசித்துக்கொள்ள வேண்டும், பொரித்தவற்றையும் தவிர்க்க வேண்டும். நண்பன் பட்டியலில் அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்து, கீரையும் கத்தரிக்காயும் பொரிக்காமல்தான் வருகிறதா என்று என்னைக் கேட்கச் சொல்லி, கத்தரிக்காய் பொரித்தது என்று பதில் வந்ததும் கீரையை மட்டும் வாங்கினான். காரம் மூன்று. சாப்பிட்டுவிட்டு, "சாம்பார் பொடி ரெண்டு ஸ்பூன் போட்டா சரியா இருக்கும்டா" என்றான்.